உள்பக்கம் அடித்த வேலி

நில அளவை அதிகாரி வியாழக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை மதியம் எங்கள் வடக்கு வேலியில் ஒரு பலகைகூட இல்லை. அறுபத்தொரு பலகையையும் நாங்களே பிடுங்கி, நாங்களே பிளந்து, நாங்களே அடுப்பில் போட்டிருந்தோம்.

ஏன் எரித்தீர்கள் என்று கேட்பவர்கள், மங்கோலியாவில், உலான்பாத்தரின் வடமேட்டில் ஒரு ஜனவரியைக் கழித்துவிட்டு வந்து கேளுங்கள்.

சிக்கல் இவ்வளவுதான். மலைச்சரிவின் கடைசி வரிசையில் நாங்கள் வளைத்துப் போட்ட துண்டு நிலத்துக்குப் பட்டா இல்லை. நான்கு பக்கமும் வேலி நின்றால்தான் அதிகாரி கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இருந்தால்தான் விலாசம். விலாசம் இருந்தால்தான் கரிக்கட்டி அட்டை. அட்டையைக் காட்டினால்தான் டிப்போவில் மூட்டை. மூட்டை இல்லாவிட்டால் வேலியை எரிக்க வேண்டும். இதை எழுதியவன் சூடான அறையில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் நில நிர்வாகம் படித்தவள். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வரைபடத்தில் எல்லைக்கோடு போட நான்கு வருஷம் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கோட்டை மைனஸ் முப்பத்தைந்தில் எப்படி நிற்க வைப்பது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. பட்டத்தை வாங்கிக்கொண்டு ஏழு அலுவலகம் ஏறி இறங்கினேன். ஏழிலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பா லுவ்சன் ஆட்டுக்காரர். அதற்கு முந்தின குளிர்காலம் பனி மேய்ச்சலை மூடிக் கல்லாக இறுகியதில், எங்கள் முந்நூறு ஆடுகளும் நின்ற இடத்திலேயே செத்தன. அம்மா போய் ரொம்ப வருஷமாயிற்று. ஆடும் போனபின் அப்பாவுக்கு அங்கே வேலை இல்லை. கெர் கூடாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றி நகரத்துக்கு வந்துவிட்டார். கூடவே செத்த ஆடுகளின் தோல் நாற்பது. பட்டினி கிடந்து செத்த ஆட்டின் தோல் கிழியும் என்று வியாபாரிகள் வாங்கவில்லை. எறியவும் அவருக்கு மனம் வரவில்லை. கெருக்குப் பின்னால் அடுக்கி, தகரம் போட்டு மூடி, மேலே கல் வைத்திருந்தார்.

எங்கள் பேச்சில் ஹஷா என்றால் வேலி. வேலிக்குள் இருக்கும் மண்ணும் ஹஷாதான். வேலி இல்லாவிட்டால் மண்ணும் இல்லை, சொல்லிலேயே இல்லை. அக்டோபரில் அப்பா தனியாளாக ஹஷா போட்டார். மர அறுவைப் பட்டறையில் கழித்துப்போட்ட, பட்டை உரிக்காத ஓரப்பலகைகள். தரையில் நெருப்பு மூட்டி இளக்கிக் குழி தோண்டினார். கம்பத்தை நட்டுக் குழிக்குள் தண்ணீர் ஊற்றினார். மறுநாள் கம்பம் பாறையில் முளைத்ததுபோல நின்றது. கம்பங்களுக்கு நடுவே இரண்டு குறுக்குச் சட்டம். சட்டத்தின் உள்பக்கத்தில் பலகை.

கீழ்வரிசை செந்த்மாக்கா அதைப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பேருந்து நடத்துநர். அவள் குரல் மூன்று நிறுத்தத்துக்குக் கேட்கும்.

"ஏன்யா லுவ்சன், இது என்ன சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி வேலி? பலகையை வெளிப்பக்கம்ல அடிக்கணும்!"

"உள்பக்கம் அடிச்சாத்தான் ஆடு முட்டினா நிக்கும்" என்றார் அப்பா.

"எந்த ஆடு?"

அப்பா கீழே கிடந்த ஆணியைப் பொறுக்கினார்.

"நீ உள்ள இருக்கிற ஆட்டுக்கு வேலி போட்டிருக்கே. இங்க எல்லாம் வெளியில இருந்துதான்யா வரும். காத்து, கள்ளன், கவர்ன்மென்ட்டு, எதுவா இருந்தாலும்."

அவள் சொன்னதில் காற்று முதலில் வந்தது. வடமேற்கிலிருந்து மலையிறங்கி வரும் காற்று பலகைகளை வெளியிலிருந்து உள்ளே தள்ளும். சட்டம் தடுக்காது, சட்டம்தான் அந்தப் பக்கம் இருக்கிறதே. ஆணிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும். டிசம்பர் முழுக்க விடிந்ததும் எங்கள் முதல் வேலை விழுந்த பலகைகளைப் பொறுக்குவது. சில நாள் நான்கு, சில நாள் பதினான்கு. எங்களிடம் சுத்தியல் கிடையாது. ஒரே கோடாலி, அதன் பின்பக்கத்தால்தான் ஆணி அடிப்பது. பழைய துளையில் ஆணி பிடிக்காது. புதுத் துளை போட்டால் உறைந்த பலகை நீளவாக்கில் பிளக்கும். கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து, சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் அப்புவார். நான் பலகையை முழங்காலால் அழுத்திப் பிடித்திருப்பேன். நூறு எண்ணுவதற்குள் இறுகிவிடும். என் கையுறையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

"எல்லாத்தையும் பிடுங்கி வெளிப்பக்கம் மாத்தி அடிச்சிடலாம்ப்பா."

"இந்தக் குளிர்ல பிடுங்கினா பாதி பிளந்திடும். வசந்தம் வரட்டும்."

"அதுக்குள்ள நாம செத்துட்டா?"

"செத்தவனுக்கு எதுக்குடி வேலி? பிடி ஒழுங்கா."

இப்படித்தான் ஜனவரி வரை இழுத்துக்கொண்டு வந்தோம். செந்த்மாக்கா தன் அட்டையில் வாங்கும் கரிக்கட்டியில் பாதியை எங்களுக்குக் கொடுத்து வந்தாள். அப்போதுதான் என் அக்கா உரன் பதினைந்து நாள் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் எல்லைக்கு நிலக்கரி லாரி ஓட்டுகிறான். லாரி லாரியாக அடுத்த நாட்டுக்குப் போகிறது. அவன் பிள்ளையின் அடுப்புக்கு ஒரு கை வரவில்லை. போன் அடித்தால் அணைத்து வைத்திருக்கிறான். குழந்தைக்குப் பெயர்கூடப் பதியவில்லை. அதற்கும் விலாசம் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செந்த்மாக்கா வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"இனிமே என்னால ஆகாதுடி ஹாலியுன். என் வீட்டுலயும் ரெண்டு மூட்டைதான் கிடக்கு. எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

"நான் கேக்கலையே அக்கா."

"நீ கேட்டா கொடுக்காம இருந்திடலாம். நீ கேக்காம நிக்கிறதுதான்டி என்னைத் தூங்க விடல" என்று திட்டிவிட்டுப் போனாள்.

பகுதித் தலைவரிடம் ஓடினேன். இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் அவர் அறையின் சூடு முகத்தில் அடித்தது.

"முதல்ல வேலி, அப்புறம் கையெழுத்து, அப்புறம் அட்டை. வரிசை மாறாது தங்கச்சி. வியாழக்கிழமை அளக்க வர்றார். வேலியைக் காட்டு, வாங்கிக்க."

"வியாழன் வரைக்கும் எதை எரிக்கிறது?"

"எதையாவது பார்த்துக்கங்க."

குளிர்காலத்தை நாங்கள் ஒன்பது ஒன்பது நாளாக எண்ணுவோம். அது நான்காம் ஒன்பது, நான்கு வயது மாட்டின் கொம்பு உறைந்து உதிரும் என்பார்கள். திங்கட்கிழமை காலை கெருக்குள் குடிநீர்க் கேன் உறைந்து நின்றது. குழந்தையின் உதட்டைச் சுற்றி நீலம். அக்கா அதைத் தன் வெறும் மார்போடு ஒட்டி, மேலே எல்லாரின் கோட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

கோடாலியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அப்பா பின்னாலேயே வந்தார்.

"வடக்குப் பக்கம் எடு. தெருவுக்குத் தெரியாது" என்றார்.

ஒரு மாசமாக விடியற்காலையில் முழங்காலால் அழுத்திப் பிடித்த பலகை. ஒரே நெம்பில் வந்துவிட்டது. திங்கள் இருபத்திரண்டு, செவ்வாய் இருபத்தொன்று, புதன் மதியத்துக்குள் பதினெட்டு. சாம்பலைக் குழைத்து அப்பிய பலகை எரியும்போது சிடுசிடுவென்று சத்தம் போடும். குழந்தையின் உதடு சிவந்தது. வேலி வெளுத்தது. வடக்கே வெறும் கம்பமும் சட்டமும், அதற்கு அப்பால் மலை.

புதன் மதியம் அப்பா கெருக்குப் பின்னால் போய்த் தகரத்தைத் தூக்கினார்.

"என்ன பண்றீங்க?"

"தண்ணி காய வை."

"எதுக்கு?"

"வேலி போடறேன்."

காய்ந்த தோலை வெந்நீரில் முக்கி, மேல்சட்டத்தில் மடித்துப் போட்டு, கீழ்ச்சட்டம் வரை இழுத்துவிட்டார். ஐந்து நிமிஷத்தில் தோல் பலகையாக விறைத்தது. தட்டினால் டொக்கென்றது. நாற்பது தோலும் தொங்கியபோது வடக்குப் பக்கம் முழுக்க அடைந்துவிட்டது. வெள்ளையும் கறுப்பும் பழுப்புமாக, கால்கள் நான்கும் விரிந்தபடி, எங்கள் ஆடுகள் வரிசையாக நின்றன.

அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். "இது அந்த நொண்டி. இது ரெட்டைக்குட்டி போட்டது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மரத்துலதான் போடணும்னு சட்டத்துல இருக்கா?" என்றார்.

"வேலின்னுதான் இருக்கு. எதுலன்னு எழுதல."

"அப்ப இது வேலி."

என் நான்கு வருஷப் படிப்பு முதல்தடவையாக ஒரு காசுக்குப் பிரயோஜனப்பட்டது என்று நினைத்தேன். அன்று ராத்திரிக்குக் கட்டிலை உடைத்து எரித்தோம்.

அப்பாவின் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. ஊரில் தோலை வெளியே தொங்கவிட்டால் தொடுவார் கிடையாது. அங்கே இருப்பது ஒரே நாய், அது நம்முடையது, நம் எலும்பைத் தின்று வளர்ந்தது. எங்கள் நாயைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு வந்தோம். இந்த மேட்டில் நாய்கள் யாருக்கும் சொந்தமில்லை. வெந்நீர் பட்டதும் தோலில் செத்த ஆட்டின் வாடை திரும்ப எழுந்திருந்தது.

விடியும்போது பன்னிரண்டு நாய்கள் நின்றன. ஆறு தோல் ஏற்கெனவே இல்லை. நான் கரித்தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் வரும். கத்தினேன், கல்லெறியப் பார்த்தேன், கல் தரையோடு உறைந்திருந்ததால் என் ஒரு பூட்ஸைக் கழற்றி எறிந்தேன். ஒரு நாய் பூட்ஸையும் கவ்விக்கொண்டு போனது. காலில் கோணியைச் சுற்றிக்கொண்டு, கரித்தட்டைத் தகரத்தில் அடித்தபடி, வேலியின் நீளத்துக்கு மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு வரவேண்டியவர் பத்துக்கும் வரவில்லை. பத்துக்குள் ஒன்பது தோல் போய்விட்டது. இமையில் உறைந்தது கண்ணீரா மூச்சா என்று தெரியவில்லை. அழவில்லை என்றுதான் நினைக்கிறேன். அழ நேரமில்லை.

பதினொரு மணிக்கு ஒரு கார் கஷ்டப்பட்டு மேடேறி வந்து தெருவில் நின்றது. கண்ணாடி இரண்டு விரல் இறங்கியது.

"நாயைப் பிடிங்க! நாயைப் பிடிங்க!"

ஊரில் எந்தக் கெருக்குப் போனாலும் நாங்கள் கதவைத் தட்டுவதில்லை. தள்ளி நின்று இப்படித்தான் கூப்பிடுவோம், நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆனால் இவர் வழக்கத்துக்காகக் கூப்பிடவில்லை. நிஜமாகவே நடுங்கிக்கொண்டு கூப்பிட்டார். பத்து நாய்கள் காரைச் சுற்றிக்கொண்டிருந்தன.

"இறங்குங்க சார், ஒண்ணும் பண்ணாது!"

"போன மாசமும் இதையேதான் சொன்னாங்க. ஏழு ஊசி போட்டேன். நாய் போகலைன்னா 'பார்க்க முடியலை'ன்னு எழுதிட்டுப் போயிடுவேன். அடுத்த சுத்து ஏப்ரல்லதான்."

ஏப்ரல்! நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டேன். விட்டால் போய்விடுவார் என்று பட்டது.

அப்பா வடக்குப் பக்கம் போய்த் தோல்களைச் சட்டத்திலிருந்து நெம்பி எடுக்கத் தொடங்கினார்.

"அப்பா! வேண்டாம்ப்பா! அதுதானே வேலி!"

"இது இருந்தா நாய் போகாது. நாய் போகாட்டா அவன் இறங்க மாட்டான்" என்றார். "நீ கயிறு கொண்டு வா."

வேலியைக் காட்ட வேண்டுமென்றால் வேலியைப் பிரிக்க வேண்டும். முப்பத்தொரு தோலையும் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பா ஓடைப்பள்ளத்தை நோக்கி இழுத்துப் போனார். நாய்கள் ஒன்று விடாமல் அவர் பின்னால் போயின. முந்நூறு ஆட்டுக்குப் பின்னால் நடந்த மனிதர். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அதிகாரி இறங்கினார். நாற்பது வயசு இருக்கும், மேற்கத்திப் பேச்சு. அளவைச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போனார்.

"தெற்கு இருக்கு. கிழக்கு இருக்கு. மேற்கு இருக்கு. இதென்ன, பலகையை உள்பக்கமா அடிச்சிருக்கீங்க?"

"வெளிப்பக்கம்தான் அடிக்கணும்னு எந்த விதியில இருக்கு, சொல்லுங்க."

"நான் சும்மாதான் கேட்டேன்மா." வடக்குப் பக்கம் வந்ததும் சக்கரம் நின்றது. "இங்க எங்க வேலி?"

"எரிச்சிட்டோம்."

"எரிச்சிட்டீங்களா?"

"உள்ள மூணு வாரக் குழந்தை இருக்கு சார். நீங்க அட்டை கொடுக்கல, வேலிதான் விறகு கொடுத்துச்சு."

அவர் பெருமூச்சு விட்டார். "நான் என்ன செய்ய? நாலு பக்கமும் இல்லாட்டி அது ஹஷா இல்ல. ஹஷா இல்லாத கெர் வழியில தங்கின கெர். அப்படித்தான் எழுதணும்." மார்போடு அணைத்திருந்த எழுத்துப் பலகையில் செருகிய தாளில் எழுதப் போனார். பேனா எழுதவில்லை. உதறினார், வாயில் வைத்து ஊதினார், மறுபடி கிறுக்கினார். தாள்தான் கிழிந்தது.

"மை உறைஞ்சு போச்சு" என்றேன். "அடுப்புல காட்டினா சரியாகும். உள்ளதான் வரணும்."

அவர் காரைப் பார்த்தார். காரையும் அணைத்து வைத்திருந்தார், அது மறுபடி கிளம்பாதோ என்ற பயம் அவருக்கு வேறு. குனிந்து, வாசற்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தார். அடுப்பில் கட்டிலின் கடைசிக் கட்டை எரிந்துகொண்டிருந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. பாத்திரத்தில் இருந்த உப்புத் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள்.

"வேண்டாம்மா. குடிச்சுட்டு எதிரா எழுதினா எங்கம்மா கனவுல வந்து செவுள்ல அறைவா."

"குடிச்சுட்டு எதிரா எழுதாதீங்க" என்றாள் அக்கா. வந்த நாளிலிருந்து அவள் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம்.

கதவு திறந்தது. அப்பா வந்தார், மீசை முழுக்கப் பனி, தோளில் வெறும் கயிறு. அடுப்புக்கு மேல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதனைப் பார்த்தார்.

"தம்பி எந்த ஊரு?"

அவர் சொன்னார். மேற்கே, மலை தாண்டி.

"அங்க கெருக்கெல்லாம் வேலி உண்டா?"

"அங்க எதுக்குப் பெரியவரே வேலி?"

"அப்புறம் அது வீடுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பொறி தட்டியது. நான் குறுக்கே விழுந்தேன்.

"நீங்க வந்ததும் என்ன சார் கூப்பிட்டீங்க? 'நாயைப் பிடிங்க'ன்னு. ஆள் இல்லாத பொட்டல்ல யாராவது அப்படிக் கூப்பிடுவாங்களா? உள்ள ஒரு வீட்டுக்காரன் இருக்கான், அவன் சொல்லாம நான் கால் வைக்க மாட்டேன்னுதானே அதுக்கு அர்த்தம்? அந்த இடத்துலயே வீடுன்னு ஒத்துக்கிட்டீங்க. இப்ப மட்டும் வழியில தங்கினவங்களா?"

"அது வாய் பழக்கம்மா."

"இதுவும் கை பழக்கம்தான். எழுதுங்க."

அவர் கீழே உட்கார்ந்து, கிண்ணத்தை வாங்கி, ஒரே மடக்கில் குடித்தார். தாளை முழங்காலில் வைத்தார். அப்போதுதான் அந்தப் படிவத்தை நான் பார்த்தேன். இரண்டு தனிக் கட்டங்கள். ஒன்று 'குடியிருப்பு', மற்றது 'வேலி'. கரிக்கட்டி அட்டைக்கு முதல் கட்டம் மட்டும் போதும், ஓரத்தில் அச்சடித்தே இருந்தது. வேலி பட்டாவுக்குத்தான். பகுதித் தலைவர் வரிசை மாறாது என்றார். நான், நில நிர்வாகம் படித்த கழுதை, அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு தாளைக் கேட்டு வாங்கிப் படித்திருந்தால் அறுபத்தொரு பலகையும் நின்றிருக்கும்.

அவர் முதல் கட்டத்தில் டிக் அடித்தார். இரண்டாவதில் பத்து நாள் தவணை என்று எழுதினார்.

"பத்து நாள்ல வடக்குப் பக்கம் மரம் நிக்கணும். தோலைத் தொங்கவிட்டுக் காட்டாதீங்க. இல்லாட்டி இந்த நிலம் அடுத்து மனு போட்டவனுக்குப் போயிடும். அதை என்னால நிறுத்த முடியாது."

"அட்டை?"

"நான் போய் இதைப் பதியறதுக்குள்ள டிப்போ மூணு மணிக்கு மூடிடுவான். நாளைக்குக் காலையில போய் வாங்கிக்க."

கார் நான்கு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. அது போனபின் அப்பா கேட்டார், "என்னடி எழுதினான்?"

"நாம இங்க இருக்கோம்னு எழுதினார்."

"அதை எழுத ஒருத்தன் வரணுமா" என்றார். பிறகு, "பத்து நாளைக்குள்ள அறுபத்தொண்ணு" என்றார்.

பட்டறையில் ஓரப்பலகை இப்போது கிடைக்காது. அதையும் மக்கள் வாங்கி எரிக்கிறார்கள். செந்த்மாக்காவிடம் பலகை இல்லை. எனக்கு வழி தெரியவில்லை. தெரியவில்லை என்று இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கமும் இல்லை.

நாளைக் காலை வரை எரிக்க எதுவும் இல்லை. அக்கா உள்ளேயிருந்து இருமினாள். குழந்தை இருமவில்லை, அழவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான் கோடாலியை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கம் போனேன். அந்தப் பக்கம் காற்று குறைவு, ஆணிகள் இறுகிப் பிடித்திருந்தன. ஒரு பலகையை நெம்பினேன். நெம்பின வேகத்தில் பிளந்தது. அதை ஒதுக்கிவைத்தேன். இரண்டாவதும் பிளந்தது. மூன்றாவது முழுசாக வந்தது.

அப்பா குனிந்து அதை எடுத்தார், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிளந்த இரண்டையும் காலால் அடுப்புக்கு என்று தள்ளினார். முழுப்பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வடக்குப் பக்கம் நடந்தார்.

"அங்க ஒண்ணை அடிச்சு என்னப்பா ஆகப்போகுது?"

அவர் சட்டத்தைத் தாண்டி வெளியே போய் நின்றார். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பலகையை வெளிப்பக்கமாகச் சட்டத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார்.

"கோடாலியைக் கொடு" என்றார். "அடிச்சிட்டுத் தர்றேன்."